பதினெட்டு டிகிரி போதும்

காஸைச் சேமிப்பதில் என்னை மிஞ்ச மனோர் பார்க்கில் ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. இரண்டாயிரத்து மூன்று, நான்கு அளவில், வரிசை வீடொன்றின் மேல்மாடியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி. காஸுக்கு முன்கூட்டியே காசு கட்டும் மீற்றர். கடைக்குப் போய்க் கார்டில் காசு ஏற்றி வந்து செருகினால்தான் பொயிலர் வேலை செய்யும். மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் பில் வந்து ஒரேயடியாகத் தலையில் இடிக்கும். எங்களுக்கோ இலக்கம் கண்ணுக்கு முன்னாலேயே குறைந்துகொண்டு போகும். அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க எந்த மனுசனால் முடியும்?

ஈஸ்ட் ஹாம் கடைகளில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து மடித்து ஜன்னல் இடுக்குகளில் அடைத்தேன். ரேடியேட்டருக்குப் பின்னால் சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளை ஒட்டினேன். சூடு சுவருக்குள் போகாமல் அறைக்குள் திரும்பும் என்று யாரோ சொன்னார்கள், அது உண்மைதான். புட்டு அவித்தால் குசினிக் கதவைத் திறந்துவிடச் சொல்வேன், அந்த ஆவியாவது கூடத்துக்கு வரட்டும் என்று. அது படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சணமாகப் படர்ந்தது வேறு கதை. சாரத்துக்குள் ஒரு நீளக் காற்சட்டை, தலையில் குரங்குத் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை, இதுதான் வீட்டில் என் கோலம். ஹீற்றர் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் யாராவது அந்தச் சுவிட்சில் கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

நான் வேலை செய்த பெற்றோல் ஷெட்டில் என்னைக் "காஸ் மந்திரி" என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன மந்திரியார், வீட்டிலை இண்டைக்கு எத்தினை பேர் விறைச்சவை?" என்று ஷிப்ட் மாற வரும் அண்ணை கேட்பார். நானும் இளித்துக்கொண்டு, "மூளை இருக்கிறவன் சேமிப்பான் அண்ணை" என்று பதில் சொல்வேன். அப்படி ஒரு மண்டைக்கனம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் முதல் பிள்ளை தங்காமல் போனது.

மூன்றாம் மாதம். ஒரு காலையில் மனைவி குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நல்ல மனுசர். இது பலருக்கும் நடப்பது, பெரும்பாலும் காரணம் சொல்ல முடியாது என்றார். வெள்ளைக்காரர் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்று நான் எடுத்துக்கொண்டேன். வெளியே நடைபாதையில் மனைவியின் அக்கா நின்றார். பிரான்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வால்தம்ஸ்டோவுக்குக் குடிவந்தவர். பிரான்சில் அடுக்குமாடி வீட்டு வாடகைக்குள்ளேயே ஹீற்றரும் அடக்கமாம், ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் இருப்பார்களாம். வாயும் அப்படித்தான், எப்போதும் திறந்தபடி.

"வீடு ஐஸ் பெட்டி மாதிரிக் கிடந்தால் வேறை என்ன தம்பி நடக்கும்?" என்றார்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. மனைவியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பேசாமல் இருக்க இருக்க, அக்கா சொன்னதைத்தான் அவளும் மனதுக்குள் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. என் பிள்ளையை நான்தான் கொன்றேன், காஸுக்காகக் கொன்றேன் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? பேருந்தில் யாராவது குழந்தையை மடியில் வைத்திருந்தால் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருப்பேன்.

அடுத்த வருடம் மனைவி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அன்றோடு காஸ் மந்திரி பதவி விலகினார். ஒக்டோபர் பிறக்க முதலே ஹீற்றரைப் போட்டேன். கிழமைக்கு இரண்டு ஷிப்ட் கூட எடுத்தேன், வந்ததெல்லாம் மீற்றருக்குள்ளே போனது. போகட்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டுக் குளிரும் படக்கூடாது. நான் வேண்டியது அவ்வளவுதான். மனைவி மட்டும் இடைக்கிடை, "இவ்வளவு சூடு வேணுமோ?" என்று கேட்பாள். "நீர் பேசாமல் இரும்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

ஜனவரியில் மகள் பிறந்தாள். நிறை கொஞ்சம் குறைவு, மற்றப்படி சுகம் என்றார்கள். நிறை குறைவு என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை கூட இருப்பதற்கு மனைவியின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த அரைமணித்தியாலத்தில் வீடு அவருடைய ஆட்சிக்குள் போய்விட்டது.

"பெத்த உடம்பு பச்சை உடம்பு. இப்ப குளிர் ஏறிச்சுதெண்டால் சாகும்வரைக்கும் தலைக்குத்து" என்று தங்கைக்குக் காதை மூடித் துணி கட்டினார். பிள்ளைக்கு இரண்டு உள்சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, காதை மூடிய தொப்பி, கையுறை, காலுறை, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு போர்வை. உள்ளே பிள்ளை இருக்கிறதென்று நம்பித்தான் நாங்கள் தூக்குவோம். ரேடியேட்டரின் திருகை ஆகக் கூடிய ஐந்தில் வைத்தேன். அது காணாதென்று அக்கா கரண்ட் ஹீற்றர் ஒன்றும் வாங்கிவரச் சொன்னார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. கேட்டது இரண்டு என்றால் மூன்று வாங்கியிருப்பேன். பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்ததும் சாம்பிராணி போடுவார். அந்தப் புகைக்கு முகட்டில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கும். அவர் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பத்திரிகையை எடுத்து மணிக்கு விசிறுவார்.

இதில் நாங்கள் செய்த மகா முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. முதல் பத்து நாளுக்குள் மருத்துவத் தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் வருகிற நேரம் எங்களுக்கு முன்பே தெரியும். அக்கா சொன்னார்: "உவை வந்தால் பிள்ளையை உரிச்சுப்போட்டு விடுவினம். உவையளுக்கு எங்கடை உடம்பைப் பற்றி என்ன தெரியும்? காட்டக்கூடாது." ஆகவே அவர் வர ஒரு மணித்தியாலத்துக்கு முன் நான் எல்லா ஹீற்றரையும் நிறுத்துவேன். சாம்பிராணி மணம் போக ஜன்னலைத் திறப்பேன். கரண்ட் ஹீற்றர் கட்டிலுக்குக் கீழே போகும். அக்கா போர்வைகளையும் ஒரு சட்டையையும் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார். தாதி வந்து பார்க்கும்போது பிள்ளை கண்ணை முழித்து, காலை உதைத்து, நன்றாகப் பால் குடிக்கும். "அருமையாக இருக்கிறாள்" என்று எழுதிவிட்டுப் போவார். கதவு சாத்திய கையோடு மறுபடியும் எல்லாவற்றையும் மூடிக் கட்டிவிட்டு, "பாத்தீரோ, சாம்பிராணி வேலை செய்யுது" என்பார் அக்கா. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். படித்த மனுசன்!

பதின்மூன்றாம் நாள் காலையில் பிள்ளை எழும்பவில்லை.

மூச்சு இருந்தது. ஆனால் முகம் செக்கச்செவேலென்று கிடந்தது. பால் கொடுக்க வாயைத் தொட்டாலும் திறக்கவில்லை. காலைத் தூக்கினால் அப்படியே விழுந்தது. முதல்நாள் பின்னேரத்திலிருந்தே சரியாகக் குடிக்கவில்லை என்று மனைவி அப்போதுதான் சொன்னாள். "குளிர் உள்ளுக்கை போட்டுது" என்று அக்கா இன்னுமொரு போர்வை எடுத்தார். நான் மீற்றரிடம் ஓடினேன், காஸ் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. எல்லா ஹீற்றரும் எரிந்துகொண்டுதான் இருந்தன. பிறகு எங்கிருந்து குளிர் வருகிறது? ஜன்னல் இடுக்குகளைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். மறுபடியும் நடக்கப் போகிறது, இந்த முறையும் என் வீட்டுக்குள்ளேயே நடக்கப் போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் சொன்னது. மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அந்த நேரம் கதவு மணி அடித்தது. மருத்துவத் தாதியின் முறை முடிந்து, இனி பிள்ளை வளர்வதைப் பார்க்கச் சுகாதாரத் தாதி வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டு மணிக்கு வரவேண்டியவர். பத்து மணிக்கே நின்றார். இன்னொரு வீட்டில் ஆட்கள் இல்லையாம், அதனால் முதலில் இங்கே வந்துவிட்டாராம். ஒளிக்கவும் நேரமில்லை, ஒளிக்க எனக்கு மனமும் இல்லை. யாராவது வந்தார்களே என்று இருந்தது.

உயரமான, வயதான பெண். தோளில் பெரிய பை. அறை வாசலில் காலை வைத்ததும் அவருடைய கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டே, "கடவுளே, இந்த அறைக்குள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். பைக்குள் இருந்து வெப்பம் காட்டும் சிறு அட்டை ஒன்றை எடுத்துத் தொட்டிலில் கொழுவினார். அது நிறம் மாறி மாறிக் கடைசி எண்ணையும் தாண்டிப்போனது. அதற்குள் அவர் பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தி உரிக்கத் தொடங்கிவிட்டார். போர்வை, போர்வை, தொப்பி, கையுறை.

"ஐயோ, பிள்ளை விறைக்கப் போகுது! தம்பி, நிப்பாட்டச் சொல்லும்!" என்று அக்கா கத்தினார்.

தாதி என் கையைப் பிடித்துப் பிள்ளையின் பிடரியில் வைத்தார். நனைந்திருந்தது. குளித்துவிட்டு வந்த தலை போல நனைந்திருந்தது. "உங்கள் பிள்ளைக்குக் குளிரவில்லை. அவளுக்குச் சூடு தாங்க முடியவில்லை" என்றார். ஹீற்றரை நிறுத்துங்கள் என்றார், நிறுத்தினேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் அடைத்து வைத்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து திறந்தேன். வெப்பமானி வைத்துப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிள்ளை பால் குடிக்கும்வரை நான் போகமாட்டேன். கொஞ்ச நேரத்தில் குடிக்காவிட்டால் அம்புலன்சைக் கூப்பிடுவேன்" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அக்கா கழற்றிப் போட்ட போர்வையை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். பிள்ளை ஒற்றைச் சட்டையோடு கிடந்தது. முகத்தின் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. பிறகு ஒரு கொட்டாவி. கை இரண்டையும் தலைக்கு மேலே நீட்டி ஒரு முறிப்பு. பிறகு வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், கீழ்வீட்டுக்காரர் தங்கள் முகட்டில் தட்டினார்கள். மனைவி வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டு குடித்தது, மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. அப்பாடா! நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். அக்கா முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குப் போனார். அங்கே அவர் அழுதது எல்லோருக்கும் கேட்டது.

"பதினெட்டு டிகிரி போதும்" என்றார் தாதி. "கூடிப்போனால் இருபது. உங்களுக்குக் குளிர்ந்தால் நீங்கள் ஒரு சுவெட்டர் போடுங்கள், வீட்டைச் சுட வைக்காதீர்கள்." பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்த்து உடுப்பைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார். கை கால் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாமாம். ஆட்கள் இல்லாத அறையில் ரேடியேட்டரைக் குறையுங்கள், இருட்டுப்பட முதல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், ஆனால் அது ரேடியேட்டரை மூடக்கூடாது, சமைத்த பிறகு பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட்டால் மூலையில் அந்தக் கறுப்பு வராது என்று அடுக்கிக்கொண்டே போனார். காஸ் எரிப்பதைக் குறைக்கச் சொல்லி ஒருவர் எனக்கு உத்தரவு போடுகிறார், நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவரை வழியனுப்பப் படியிறங்கி வாசல்வரை போனேன். கதவைத் திறந்து கொடுத்துவிட்டு, திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றேன். ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அன்றைக்குத் தானாக வெளியே வந்தது. என் அரைகுறை ஆங்கிலத்தில், போன வருடம் ஒரு பிள்ளை, மூன்று மாதம், நான் ஹீற்றர் போடவில்லை, வீடு குளிர், அதனாலா என்று கேட்டேன். வசனம் ஒன்றும் முழுதாக வரவில்லை. அவருக்கு விளங்கியது. பையைக் கீழே வைத்தார்.

"இல்லை" என்றார். "வீடு குளிர்ந்ததால் அது நடக்கவில்லை. ஒரு வருடமாக இதையா சுமந்துகொண்டு திரிந்தீர்கள்?"

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார். நான் படியில் இருந்து அழுதேன். வெட்கமென்ன, நன்றாகத்தான் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே போய், மனைவிக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடம் முழுக்க நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், அவரிடம் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று.

மனைவி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"குளிரோ? வீடு எங்கை குளிர்ந்தது?" என்றாள். "நீங்கள் வேலைக்குப் போன உடனை நான் ஹீற்றரைப் போட்டிடுவன். நீங்கள் வர முதல் நிப்பாட்டிப்போட்டு, குறைஞ்ச காசை நானே கார்டிலை ஏத்திப் போட்டு, ஒண்டும் தெரியாத மாதிரி இருப்பன். ஒவ்வொரு நாளும் போட்டனான்."

கோபம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நொடி வந்தது. வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ரேடியேட்டரிலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு மணித்தியாலக் கணக்கா இருந்தனான்" என்றாள். "அந்தச் சூட்டிலைதான் கரைஞ்சதெண்டு நினைச்சன். பப்பாப்பழம் தின்னக்கூடாது, எள்ளு தின்னக்கூடாது, சூடு எண்டு எத்தினை பேர் சொல்லுறவை. நான் நெருப்புக்குப் பக்கத்திலை போய் இருந்திருக்கிறன். இந்தப் பிள்ளை வயித்திலை இருக்கேக்கையும் நீங்கள் ஹீற்றரைக் கூட்டக் கூட்ட எனக்கு நெஞ்சு பக்குப்பக்கெண்டு அடிக்கும். குறையுங்கோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாத்தன். அதுக்கு மேலை என்னாலை ஏலேல்லை. ஏன் எண்டு கேப்பியள். கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

ஒரே கட்டிலில் ஒரு வருடம் படுத்திருக்கிறோம். அவள் சூட்டை நினைத்தாள், நான் குளிரை நினைத்தேன். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே பிள்ளைக்காக.

"அவவிட்டைச் சூட்டைப் பற்றியும் கேட்டனீங்களோ?" என்றாள்.

"இல்லை. குளிரைப் பற்றித்தான் கேட்டனான்."

"சூட்டைக் கேக்கேல்லையோ?"

அந்தக் குரலைக் கேட்டபின் யார் இருப்பார்கள்? சாரத்தோடும் செருப்போடும் படியை இரண்டு இரண்டாகத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடினேன். பல்லை அடிக்கும் குளிர். தபால்காரர் ஒருவர் நின்று பார்த்தார். தெருமுனையில் தாதி காருக்குள் இருந்து குறிப்பெழுதி முடித்து, அப்போதுதான் சீற் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் தட்டியதும் திடுக்கிட்டு, "பிள்ளையா? என்ன நடந்தது?" என்று கதவைத் திறந்தார். பிள்ளை இல்லை, மனைவி என்று மூச்சிரைக்கச் சொன்னேன். ஹீற்றர் போட்டாள், முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள், சூடு, அதனாலா?

அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். சிரிக்கவில்லை. "இல்லை" என்றார். "போய் அவரிடம் சொல்லுங்கள். ரேடியேட்டரில் சாய்ந்ததால் அது நடக்கவில்லை. நாளை மறுநாள் நானே வந்தும் சொல்கிறேன்."

திரும்பி ஓடி வந்தேன். மேலே ஏற மூச்சு இல்லை. வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டபடி, கீழ்ப்படியில் நின்று கத்தினேன்.

"இல்லையாமப்பா! சூடும் இல்லையாம்!"

"என்ன? திரும்பச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி மேலேயிருந்து.

சொன்னேன்.

"இன்னொருக்கால்" என்றாள்.

படியில் நின்றபடியே மூன்றாம் தரமும் சொன்னேன்.